உரம் கொட்டியும் காய்க்கலையா பிளம்ஸ் மரம்? மலைப்பகுதி வீட்டுத் தோட்டங்களில் எங்கே நடக்கிறது தவறு?

பிப்ரவரி மாதம் குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் போனால் ஒரு காட்சி கண்ணில் படும். இலையே இல்லாத மரத்தில் கிளை முழுக்க வெள்ளைப் பூ. வீட்டு வாசல், தேயிலைத் தோட்டத்து ஓரம், காய்கறி வயலின் வரப்பு என ஆங்காங்கே அந்த வெள்ளை தெரியும். அதுதான் பிளம்ஸ். மே மாதம் வந்துவிட்டால் அதே மரத்துப் பழங்கள் சாலையோரக் கூடைகளில் சிவப்பாகக் குவிந்து கிடக்கும்.

ஆனால் எல்லா வீட்டு மரத்துக்கும் இந்தக் கொடுப்பினை இல்லை. சில வீடுகளில் மரம் கூரையைத் தாண்டி வளர்ந்து நிற்கும். இலை கரும்பச்சையாக, பார்க்கவே செழிப்பாக இருக்கும். பழம் மட்டும் இருக்காது. அல்லது நாலு பழம் காய்த்து, அதுவும் பிஞ்சிலேயே உதிர்ந்துவிடும். உடனே வீட்டுக்காரர்கள் என்ன செய்கிறார்கள்? "சத்து பத்தலை போல" என்று இன்னும் ரெண்டு கை உரத்தை அள்ளிப் போடுகிறார்கள். அடுத்த வருஷம் மரம் இன்னும் உயரமாகிறது. பழம் இன்னும் குறைகிறது.

பிளம்ஸ் மரம் பட்டினியால் காய்க்காமல் போவதைவிட, அஜீரணத்தால் காய்க்காமல் போவதுதான் வீட்டுத் தோட்டங்களில் அதிகம். எப்படி என்று பார்ப்போம்.

இலை வேணுமா, பழம் வேணுமா?

மரத்துக்கு அதிக அளவில் தேவைப்படும் சத்துகள் மூன்று. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து. உர மூட்டையின் மேல் 17:17:17 என்று போட்டிருக்கிறதே, அது இந்த மூன்றின் சதவீதம்தான். தழைச்சத்து இலையையும் தண்டையும் வளர்க்கும். மணிச்சத்து வேருக்கும் பூவுக்கும் உதவும். பழம் பருக்கவும், நிறம் பிடிக்கவும், இனிக்கவும் சாம்பல்சத்து வேண்டும்.

நீலகிரியில் பல வீடுகளில் பிளம்ஸ் மரம் நிற்பது தேயிலைக்குப் பக்கத்தில். தேயிலைக்கு வாங்கிய உரத்தில் மிச்சம் இருப்பதை மரத்தடியில் கொட்டுவது எளிதான வழி. இங்கேதான் சிக்கல். தேயிலையில் நாம் பறிப்பது கொழுந்தை. அதனால் தேயிலைக்கான உரக் கலவையில் தழைச்சத்து தூக்கலாக இருக்கும். அதே கலவையைப் பிளம்ஸுக்குப் போட்டால், பிளம்ஸும் தேயிலை மாதிரியே நடந்துகொள்ளும். கொழுந்து விடும், இலை விடும், பழத்தை மறந்துவிடும்.

வீட்டை ஒட்டி கேரட், உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ் போடுபவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயம். மரத்தின் வேர் அதன் நிழலைத் தாண்டியும் போகும். காய்கறிப் பாத்திக்குப் போடும் உரத்தில் ஒரு பங்கு பிளம்ஸுக்கும் போய்ச் சேருகிறது. நீங்கள் கொடுக்காமலே அது சாப்பிட்டுக்கொண்டிருக்கும்.

தழைச்சத்து கூடினால் பழம் குறைவதற்குக் காரணம் என்ன? பிளம்ஸ் காய்ப்பது போன வருஷம் விட்ட கிளைகளிலும், பழைய கிளைகளில் விரல் நீளத்துக்கு முட்டு முட்டாக இருக்கும் குறுங்கிளைகளிலும்தான். மரம் தாறுமாறாக மேலே கிளம்பினால் உள்ளே வெயில் விழாது. வெயில் படாத குறுங்கிளைகள் கொஞ்சம் கொஞ்சமாகக் காய்ந்துபோகும். காய்க்கும் இடமே போய்விட்ட பிறகு எவ்வளவு உரம் போட்டு என்ன பயன்? போதாக்குறைக்கு, இளசான அந்தத் தண்டுகளைத் தேடி அசுவினிப் பூச்சியும் வந்து சேரும்.

முதலில் டேப்பை எடுங்க... அப்புறம் உரத்தை எடுக்கலாம்

மரத்துக்குப் பசி இருக்கிறதா, இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அதற்கு ஒரு எளிய வழி உண்டு. செலவே இல்லை. தையல் டேப் போதும்.

டிசம்பரில் இலை உதிர்ந்து மரம் மொட்டையாக நிற்கும்போது, கவாத்து செய்வதற்கு முன்னால், ஒரு கிளையின் நுனியிலிருந்து கீழ்நோக்கிப் பாருங்கள். ஓரிடத்தில் பட்டையில் மோதிரம் போட்டது மாதிரி சுருக்கம் தெரியும். அதற்கு மேல் பட்டையின் நிறமும் கொஞ்சம் மாறியிருக்கும். அந்தச் சுருக்கத்திலிருந்து நுனி வரை இருப்பதுதான் இந்த ஒரு வருஷத்து வளர்ச்சி. அதை அளந்து பாருங்கள். ஒரே கிளையை நம்ப வேண்டாம், மரத்தைச் சுற்றி ஏழெட்டுக் கிளைகளை அளக்கலாம்.

காய்க்கும் வயதுக்கு வந்த மரத்தில் இது சுமார் 25 முதல் 50 செ.மீ. வரை இருந்தால் மரம் சரியாகச் சாப்பிடுகிறது என்று அர்த்தம். 25 செ.மீ.-க்குக் கீழே போனால் பசி இருக்கலாம். 50 செ.மீ.-ஐத் தாண்டினால் அந்த ஆண்டு தழைச்சத்து உரத்தைக் குறைக்கலாம், ரொம்பவும் நீண்டிருந்தால் போடாமலே விட்டுவிடலாம். இன்னும் காய்ப்புக்கு வராத இளம் மரம் இதைவிட வேகமாக, 60 செ.மீ. வரைகூட வளரும். அது இயல்பு.

ஒரு எச்சரிக்கை. போன வருஷம் மரத்தைக் கடுமையாக வெட்டியிருந்தால், அந்தக் கோபத்தில் இந்த வருஷம் கிளைகள் தானாகவே நீளமாக வரும். அப்படி வெட்டிய ஆண்டில் உரத்தையும் அதிகமாகப் போடுவது எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுவதுதான்.

எவ்வளவு போடணும்? ஒரு கணக்கு

வீட்டுப் பழ மரங்களுக்கு அமெரிக்கப் பல்கலைக்கழக விரிவாக்க மையங்கள் நீண்ட காலமாகச் சொல்லிவரும் ஒரு கணக்கு உண்டு. மரத்தின் ஒவ்வொரு வயதுக்கும் ஆண்டுக்கு சுமார் 45 கிராம் தழைச்சத்து. 10 வயதுக்கு மேல் எவ்வளவு பெரிய மரமானாலும் சுமார் 450 கிராமோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். இது மேல் வரம்புதான், கட்டாயம் அவ்வளவு போட வேண்டும் என்பதில்லை.

இங்கே ஒரு குழப்பம் வரும். 45 கிராம் தழைச்சத்து என்றால் 45 கிராம் யூரியா இல்லை. யூரியாவில் 46 சதவீதம்தான் தழைச்சத்து. ஆக 45 கிராம் தழைச்சத்துக்கு கிட்டத்தட்ட 100 கிராம் யூரியா வேண்டும். நன்கு மக்கிய தொழு உரத்தில் தழைச்சத்து வெறும் அரை சதவீதம் அளவுக்குத்தான் இருக்கும். அதாவது 10 கிலோ தொழு உரத்தில் சுமார் 50 கிராம்.

நாலு வயது மரத்தை எடுத்துக்கொள்வோம். 4 × 45 = 180 கிராம் தழைச்சத்து. 20 கிலோ தொழு உரம் போட்டால் அதிலிருந்து 100 கிராம் கணக்காகிறது. மீதி 80 கிராமுக்கு சுமார் 175 கிராம் யூரியா. இதையும் ஒரே தடவையில் போடாமல் இரண்டாகப் பிரிக்க வேண்டும். தொழு உரத்தில் இருக்கும் சத்து முழுவதும் முதல் வருஷமே கிடைத்துவிடாது. கொஞ்சம் கொஞ்சமாக, அடுத்தடுத்த ஆண்டுகளிலும் வந்துகொண்டிருக்கும். அதனால் ஆண்டுதோறும் தொழு உரம் போடும் தோட்டத்தில் போகப் போக யூரியாவே தேவைப்படாமல் போகலாம்.

சாம்பல்சத்து, தழைச்சத்து அளவுக்கே தேவை. மணிச்சத்து அதில் பாதி போதும். அதே நாலு வயது மரத்துக்கு, தொழு உரத்தில் வருவது போக, 160 கிராம் சல்பேட் ஆஃப் பொட்டாஷும் 300 கிராம் சூப்பர் பாஸ்பேட்டும் சரியாக இருக்கும். மியூரேட் ஆஃப் பொட்டாஷ் விலை குறைவுதான். ஆனால் அதில் குளோரைடு இருக்கிறது. பிளம்ஸ் போன்ற கொட்டைப் பழ மரங்களுக்கு அது அதிகமானால் இலை ஓரம் கருகும். முடிந்தவரை சல்பேட்டே வாங்கலாம்.

ரசாயனமே வேண்டாம் என்பவர்கள் தொழு உரத்தோடு மண்புழு உரம், வேப்பம்புண்ணாக்கு, எலும்புத்தூள் என்று போகலாம். தாராளமாகப் பழம் எடுக்க முடியும். ஒரே நிபந்தனை, சாணம் நன்றாக மக்கியிருக்க வேண்டும். பச்சைச் சாணத்தைக் கொட்டினால் அது மக்கும்போது வரும் சூடு வேரைப் பாதிக்கும். வண்டுகள் அதில் முட்டையிட்டு, வெள்ளைப் புழுக்கள் வந்து வேரைத் தின்னவும் வாய்ப்பு உண்டு. கோழி எருவில் தழைச்சத்து தொழு உரத்தைவிடப் பல மடங்கு அதிகம். சாணம் போடும் அளவுக்கு அதைப் போட்டுவிடக் கூடாது.

எப்போ போடணும்?

மார்கழிக் குளிரில் மரம் தூங்கும்போது கவாத்து செய்துவிட்டு, தொழு உரம், மணிச்சத்து, சாம்பல்சத்து ஆகியவற்றைக் கொடுத்துவிடலாம். தழைச்சத்தில் பாதியை மொட்டுகள் பருக்கத் தொடங்கும்போது போட வேண்டும். மலைப்பகுதியில் இது பெரும்பாலும் ஜனவரி கடைசி அல்லது பிப்ரவரி. மீதிப் பாதியை, பூ உதிர்ந்து பிஞ்சு பட்டாணி அளவுக்கு வந்த பிறகு போடலாம்.

பலர் கோட்டைவிடுவது தண்ணீர் விஷயத்தில். ஜனவரி முதல் மார்ச் வரை மலையில் மழை குறைவு. காய்ந்த மண்ணில் உரம் போட்டால் அது அப்படியே கிடக்கும். யூரியாவாக இருந்தால் ஒரு பங்கு காற்றோடு போய்விடும். உரம் போடுவதற்கு முந்தைய நாள் மண்ணை நனைத்து, போட்ட பிறகும் தண்ணீர் விட வேண்டும்.

அறுவடை முடிந்ததும் உரம் போடலாமா? அடுத்த வருஷத்துக்கான பூ மொட்டு உருவாவது அந்தச் சமயத்தில்தான். அதனால் அதிகம் காய்த்துக் களைத்த மரத்துக்குக் கொஞ்சம் மண்புழு உரம் கொடுப்பது நல்லதே. ஆனால் ஜூன், ஜூலை தென்மேற்குப் பருவமழையில் யூரியாவைப் போட்டால் அது மரத்துக்குப் போகாது, பள்ளத்து ஓடைக்குத்தான் போகும். ஆகஸ்டுக்குப் பிறகு தழைச்சத்து கூடவே கூடாது. அப்போது கிளம்பும் இளந்தளிர் முற்றுவதற்குள் உறைபனி வந்துவிடும்.

தண்டை ஒட்டிக் கொட்டாதீங்க!

உரம் போட்டு மரத்தைக் கொல்ல முடியுமா? முடியும். ஒரு கைப்பிடி யூரியாவை இளம் மரத்தின் அடித்தண்டை ஒட்டிக் குவித்து வைத்தால் போதும். உரத்தில் இருக்கும் உப்பு வேரிலிருந்து நீரை இழுத்துவிடும். சில நாளில் இலை ஓரங்கள் தீய்ந்த மாதிரி ஆகும். இப்படி நடந்துவிட்டால் கண்ணுக்குத் தெரியும் உரத்தை வழித்து எடுத்துவிட்டு, ரெண்டு மூன்று நாள் தாராளமாகத் தண்ணீர் விடுங்கள். உப்பு கீழே இறங்கிவிடும், மரம் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.

சத்தை உறிஞ்சும் மெல்லிய வேர்கள் தண்டுக்குப் பக்கத்தில் இல்லை. கிளைகளின் நுனியிலிருந்து மழைநீர் சொட்டும் வட்டம் இருக்கிறதே, அதற்கு உள்ளேயும் வெளியேயும்தான் அவை பரவியிருக்கின்றன. அதுவும் மேல்மண்ணிலேயே, பெரும்பாலும் ஒன்று ஒன்றரை அடி ஆழத்துக்குள். எனவே தண்டிலிருந்து குறைந்தது ஒன்றரை அடி தள்ளி, அந்த வட்டம் வரை பரவலாகத் தூவி, மண்ணை லேசாகக் கிளறிவிட்டால் போதும். மண்வெட்டியால் ஆழமாகக் கொத்தினால் வேரை நாமே வெட்டுகிறோம்.

மலைச்சரிவில் இருக்கும் மரத்துக்கு இன்னொரு கணக்கு. சுற்றிலும் தூவினால் கீழ்ப்பக்கம் போட்டது முதல் மழையிலேயே அடுத்த வீட்டுக்குப் போய்விடும். மேட்டுப் பக்கமாக அரைவட்டத்தில் ஆழமில்லாத வாய்க்கால் எடுத்து, அதில் உரத்தைப் போட்டு மண்ணால் மூடிவிட வேண்டும். அதன் மேல் காய்ந்த இலை, புல்லைக் கொண்டு மூன்று நாலு அங்குலத்துக்கு மூடாக்கு போட்டால் ஈரமும் நிற்கும், மண்ணும் ஓடாது. மூடாக்கும் தண்டைத் தொடக் கூடாது.

புதிதாக நட்ட கன்றுக்கு? குழியில் மக்கிய தொழு உரம் மட்டும் போதும். ரசாயன உரம் வேண்டவே வேண்டாம். வேர் பிடித்து புதுத் தளிர் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அமில மண்: போட்ட உரம் எங்கே போகுது?

நீலகிரி, கொடைக்கானல் மண் இயல்பாகவே அமிலத்தன்மை கொண்டது. பல இடங்களில் பி.ஹெச் அளவு 5-ஐ ஒட்டியே இருக்கும். தேயிலைக்கு இது தேன். பிளம்ஸுக்கு 5.5 முதல் 6.5 வரை இருந்தால்தான் வசதி. அமில மண்ணில் இருக்கும் இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சூப்பர் பாஸ்பேட்டைப் போட்டாலும் வேருக்கு அதில் கொஞ்சம்தான் போய்ச் சேரும். எலும்புத்தூளும் ராக் பாஸ்பேட்டும் இப்படிப்பட்ட மண்ணில் மெதுவாகக் கரைந்து நன்றாகவே வேலை செய்யும்.

இதைச் சரிசெய்ய டோலமைட் போடலாம். அமிலத்தைக் குறைப்பதோடு சுண்ணாம்புச் சத்தும் மெக்னீசியமும் கிடைக்கும். எவ்வளவு போடுவது என்பதை மட்டும் குத்துமதிப்பாக முடிவு செய்யாதீர்கள். மண் பரிசோதனை செய்து, அந்த அட்டையில் எழுதித் தரும் அளவைப் போடுவதுதான் சரி. டோலமைட்டையும் யூரியா, சாண உரத்தையும் ஒன்றாகக் கலக்கவும் கூடாது. கலந்தால் தழைச்சத்து அம்மோனியா வாயுவாகப் பறந்துவிடும். இடையில் மூன்று நாலு வாரம் விட வேண்டும்.

விறகடுப்பு இருக்கும் வீடுகளில் சாம்பல் சும்மா கிடைக்கும். அதில் சாம்பல்சத்தும் உண்டு, அமிலத்தைக் குறைக்கும் தன்மையும் உண்டு. ஒரு மரத்துக்கு ஆண்டுக்கு அரை கிலோவைப் பரவலாகத் தூவலாம்.

இலை மஞ்சளானால் உடனே யூரியாவா?

அவசரப்பட வேண்டாம். எந்த இலை மஞ்சளாகிறது என்று பாருங்கள். கிளையின் அடியில் இருக்கும் பழைய இலைகள் முழுசாக வெளுத்து, வளர்ச்சியும் குறைந்திருந்தால் தழைச்சத்துப் பற்றாக்குறை. பழைய இலையில் நரம்பு பச்சையாக இருந்து, இடைப்பகுதி மட்டும் மஞ்சளானால் மெக்னீசியம். இலை ஓரம் கருகிச் சுருண்டால் சாம்பல்சத்து. நுனி இலைகள் சின்னச் சின்னதாகக் கொத்தாக வந்தால் துத்தநாகம்.

மொத்த மரமுமே மழைக்காலத்தில் மஞ்சளாகி வாடி நின்றால்? மரத்தடியில் ஒரு குழி தோண்டிப் பாருங்கள். தண்ணீர் தேங்கியிருக்க வாய்ப்பு அதிகம். வேர் மூச்சுத் திணறிக்கொண்டிருக்கும்போது உரம் போடுவது, மயங்கி விழுந்தவர் வாயில் சோற்றைத் திணிப்பது மாதிரி. வடிகால் வெட்டிவிடுவதுதான் அதற்கு வைத்தியம்.

முட்டை ஓடு, வாழைப்பழத் தோல், டீத்தூள் பற்றியும் நிறைய வீடியோக்கள் சுற்றுகின்றன. எல்லாம் நல்லதுதான், ஆனால் அப்படியே மரத்தடியில் வீசினால் எலியும் காட்டுப்பன்றியும்தான் வரும். கம்போஸ்ட் ஆக்கிப் போடுங்கள். பஞ்சகவ்யா தெளிப்பவர்கள் 10 லிட்டர் தண்ணீருக்கு 300 மி.லி. என்ற அளவில் தெளிக்கலாம். அது தொழு உரத்துக்கு மாற்று அல்ல, துணைதான்.

உரத்தால் தீராத பிரச்னையும் இருக்கு

மரம் அளவாக வளர்கிறது, பூவும் கொட்டுகிறது, பிஞ்சு மட்டும் நிற்கவில்லை என்றால் உரத்தை விட்டுவிட்டுப் பக்கத்து வீட்டைப் பாருங்கள். அங்கே வேறு ரக பிளம்ஸ் மரம் இருக்கிறதா? நம் மலைகளில் வளரும் பிளம்ஸில் பெரும்பாலான ரகங்களுக்குத் தன் மகரந்தம் தனக்கு உதவாது. அதே நேரத்தில் பூக்கும் இன்னொரு ரகம் அருகில் இருக்க வேண்டும். ரூபியோ, ஹேல், கெல்சி என்று ரகங்கள் பல இருக்கின்றன. இடம் இல்லாதவர்கள் இருக்கும் மரத்திலேயே இன்னொரு ரகத்தின் குச்சியை ஒட்டுக் கட்டிக்கொள்ளலாம். ஒரே மரம், ரெண்டு ரகம். பூக்கும் சமயத்தில் பூச்சிமருந்து அடித்துத் தேனீக்களை விரட்டாமல் இருந்தால் சரி.

சில வருஷம் எதிர்ப்பிரச்னையும் வரும். கிளை ஒடியும் அளவுக்குக் காய்த்து, பழம் எல்லாம் கோலிக்குண்டு அளவிலேயே நின்றுவிடும். மறு வருஷம் மரம் ஓய்வெடுத்துக்கொள்ளும். பிஞ்சாக இருக்கும்போதே மூன்று நாலு அங்குலத்துக்கு ஒன்று என்று விட்டு மற்றதைக் கிள்ளிவிட வேண்டும். மனசு கேட்காதுதான். ஆனால் எந்த உரமும் இந்த வேலையைச் செய்யாது.

ஊட்டியில் வாங்கிய கன்று சென்னையில் காய்க்குமா?

சுற்றுலா போனவர்கள் ஆசையாக வாங்கி வந்து மொட்டை மாடியில் வைப்பது உண்டு. பிளம்ஸ் மரம் தூங்கி எழுந்து பூக்க, குளிர்காலத்தில் சுமார் 7 டிகிரிக்குக் கீழே பல நூறு மணி நேரம் குளிர் கிடைக்க வேண்டும். ரகத்துக்கு ரகம் இந்த நேரம் மாறும். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர், கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே அது சாத்தியம். சென்னை, மதுரை, திருச்சியில் மார்கழி அதிகாலையிலும் அந்தக் குளிர் கிடையாது. செடி வளரலாம், இலை விடலாம். என்ன உரம் போட்டாலும் பழம் எதிர்பார்க்க முடியாது. "சமவெளியிலும் காய்க்கும்" என்று சொல்லி விற்றால், காய்த்த மரத்தை நேரில் காட்டச் சொல்லிவிட்டு அப்புறம் காசு கொடுங்கள்.

மலைப்பகுதியில் இருப்பவர்கள் கன்று, ரகம், மண் பரிசோதனை பற்றி அந்தந்த வட்டாரத் தோட்டக்கலைத் துறை அலுவலகத்தில் கேட்கலாம். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையங்கள் இருக்கின்றன. கிசான் அழைப்பு மையத்தின் 1800-180-1551 என்ற கட்டணமில்லா எண்ணிலும் தமிழிலேயே சந்தேகம் கேட்கலாம். பேசும்போது மரத்தின் வயது, ரகம், இந்த ஆண்டுக் கிளை எத்தனை செ.மீ. வளர்ந்தது என்ற மூன்றையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே முதலில் கேட்பது இதைத்தான்.